சுவிட்ச் இங்கே, ஃபேன் அங்கே

கட்டட ஆய்வாளரின் காப்பியில் காரை விழுந்தது.

அவர் கோபப்படவில்லை. டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு எழுந்து போய், சுவரோரம் இருந்த சுவிட்சைத் தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபேன் கடகடவென்று சுற்றத் தொடங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்து, கரண்டியால் காரைத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு மிச்சக் காப்பியைக் குடித்தார்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்றுதான் நினைப்பார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு காலத்தில் அது ஒரே கூடம். பிறகு நடுவில் ஒரு சுவர் வந்தது. ஆளுக்குப் பாதி என்று நூல் பிடித்தபோது ஃபேன் அண்ணன் பக்கம் போய்விட்டது, அதன் சுவிட்ச் தம்பியான நம் ஆய்வாளர் பக்கம் தங்கிவிட்டது. ஜன்னலையும் விட்டு வைக்கவில்லை. தாழ்ப்பாள் உள்ள கதவு அண்ணனுக்கு, தாழ்ப்பாள் இல்லாத கதவு தம்பிக்கு. காற்றடித்தால் தம்பியின் கதவு மட்டும் படார் படார் என்று அடித்துக்கொள்ளும்.

ஒரு எலக்ட்ரீஷியன் அரை நாளில் வயரை மாற்றிக் கொடுத்துவிடுவான். ஆனால் எலக்ட்ரீஷியனை யார் முதலில் கூப்பிடுவது? கூப்பிட்டவன் இறங்கி வந்ததாக ஆகிவிடாதா? அந்த ரோஷத்தில் ஆறேழு வருஷம் ஓடிவிட்டது. முதல் கோடையில், அண்ணன் சாப்பிட உட்காரும் சத்தம் கேட்டாலே தம்பி சுவிட்சை நிறுத்திவிடுவார். பிறகு எப்படியோ ஒரு ஏற்பாடு தானாக வந்தது. அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு தட்டினால் ஃபேனைப் போடு, ஒரு தட்டு என்றால் நிறுத்து. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை, தட்டுவார்த்தை உண்டு. ஒவ்வொரு தட்டுக்கும் இந்தப் பக்கம் காரை உதிரும், அவ்வளவுதான்.

"நல்ல சிமெண்ட் போட்டுக் கட்டியிருந்தா இப்படி உதிருமா?" என்று ஆய்வாளர் தினமும் ஒருமுறை மனைவியிடம் கேட்பார். "பாதி சிமெண்ட் நான் வாங்கிக் கொடுத்தேன். கொத்தனாரைப் பிடிச்சு வேலை வாங்கினது அவர். எங்கே போச்சு என் சிமெண்ட்?"

"அதை அவர்கிட்டயே கேளுங்களேன்."

"நான் எதுக்குக் கேட்கணும்?"

மனைவி துணிக்கூடையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். மாடியில் சுவர் கிடையாது. அங்கே அண்ணியும் துணிக்கூடையோடு காத்திருப்பாள்.

சண்டை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தையல்காரர். வாசலில் தகரக் கூரை போட்டு, அதன் கீழே மெஷினை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கூரை தெருவுக்குள் ஒரு கை நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு அண்டை வீட்டுக்காரர் நகராட்சிக்குப் புகார் செய்தார். நகராட்சியில் கட்டட ஆய்வாளர் யார்? சொந்தத் தம்பி. சொந்தக்காரன் என்று சும்மா விட்டுவிட்டான் என்ற பேச்சு வரக்கூடாதே என்று, நம் ஆள் ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, தெருவே பார்க்க அளந்து, அண்ணன் மெஷினுக்குப் பக்கத்துத் தூணில் நோட்டீஸை ஒட்டிவிட்டார்.

அண்ணன் அன்றைக்குக் கத்தவில்லை. கழுத்தில் கிடந்த துணி டேப்பைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"நானும் டேப் வச்சிருக்கிறவன்தான்டா. ஒரு விரல் இடம் விட்டுத்தான் தைப்பேன். மனுஷன் மூச்சு விட வேண்டாமா?"

தெரு சிரித்தது. அந்தச் சிரிப்புதான் தம்பிக்குத் தாங்கவில்லை. ஆபீஸிலும் தெருவிலும் தலை நிமிர்ந்து நடந்த மனுஷன் அவர். அன்று சாயங்காலமே கூடத்தில் நின்றுகொண்டு, இனிமேல் இந்த வீட்டில் குறுக்கே ஒரு சுவர் எழும்பினால்தான் எனக்குச் சோறு இறங்கும் என்று சொல்லிவிட்டார். "சரி, கொத்தனாரை நான் பார்த்துக்கறேன்" என்றார் அண்ணன். கூரையும் இறங்கியது, சுவரும் ஏறியது.

இதில் பெரிய வேடிக்கை, அந்தச் சுவருக்கு அனுமதி வாங்கவில்லை என்பது. ஊரில் உள்ள சுவரையெல்லாம் அளந்தவர் தன் வீட்டுச் சுவருக்கு மனுப் போடவில்லை. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார், மறந்தும் போனார்.

அது ஞாபகம் வரவேண்டிய நாள் வந்தது.

நகராட்சியில் விதிமீறல்கள் மலிந்துவிட்டன, யாரும் நடவடிக்கை எடுப்பதில்லை என்று அரசுக்குப் போன புகார்கள் குவிந்து, மேலிருந்து ஒரு கண்காணிப்புக் குழு வந்து இறங்கியது. தலைவி ஒரு அம்மாள். வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும். குடையை விரித்து யாரும் பார்த்ததில்லை. வளைந்த காம்பால் சுவர்களைத் தட்டிப் பார்ப்பதற்கு மட்டும்தான் அது பயன்பட்டது. வந்த அன்றே ஆபீஸில் அவருக்குக் குடையம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள்.

குடையம்மா முதல் கூட்டத்திலேயே மெல்லிய குரலில் சொன்னார். ஊரைப் பார்ப்பதற்கு முன்னால் நகரமைப்புப் பிரிவு ஊழியர்களின் வீடுகளைப் பார்க்கப் போகிறாராம். அனுமதியில்லாமல் எந்த ஊழியர் வீட்டிலாவது ஒரு செங்கல் ஏறியிருந்து, அதைச் சரிசெய்யாமல் விட்டால் வேலை நீக்கம்தான் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆய்வாளரும் ஆட்டினார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இடிச்சுடுங்க. வேலையும் மிஞ்சும், வீடும் வீடா இருக்கும்."

"இடிச்சா சுவர் இருந்ததுன்னு ஒத்துக்கிட்டதா ஆகும்."

"யார்கிட்ட ஒத்துக்கிட்டதா? அந்த அம்மாகிட்டயா, உங்க அண்ணன்கிட்டயா?"

இந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. சுவரை மறைத்துவிட்டால் போகிறது என்று முடிவு செய்தார். படுக்கையறையிலிருந்த இரும்பு பீரோவைத் தள்ளி வந்து சுவரில் சாய்த்தார். அதன் பக்கத்தில் புத்தக அலமாரி. அலமாரிக்கு மேலே பழைய பெட்டிகள். மிச்சமிருந்த இடத்துக்கு ஒரு நீலத் திரைச்சீலை. பார்க்கிறவர்களுக்குக் கூடம் அத்தோடு முடிகிறது என்று தோன்றவேண்டும். பெட்டிக்கடையின் உள்பக்கம் மாதிரி இருந்தது. தள்ளிய வேகத்தில் பீரோ ஒரு இடி இடிக்க, ஒரு கை அகலக் காரை பொத்தென்று விழுந்தது.

குடையம்மா வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"இந்த ஜன்னலுக்கு ஒரு கதவுதானா?"

"எங்க அப்பா சிக்கனக்காரர், மேடம்."

குடையம்மா சிரிக்கவில்லை. அடுத்து சுவிட்ச் போர்டுக்குப் போனார். ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒரு விளக்கு எரிந்தது, இன்னொரு விளக்கு எரிந்தது. மூன்றாவதைத் தட்டினார். கூடத்தில் எதுவும் நடக்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அங்கே ஃபேனும் இல்லை, ஃபேன் மாட்டும் கொக்கியும் இல்லை.

பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வேண்டாம்பா தம்பி. இன்னைக்குக் குளிரா இருக்கு."

ஆய்வாளருக்கு விழி பிதுங்கியது. மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். குடையம்மா திரைச்சீலையை விலக்கி, குடைக்காம்பால் சுவரை இரண்டு தட்டு தட்டினார்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அதே குரல், ஆனால் சுவருக்கு வெகு பக்கத்தில், கொஞ்சம் பதற்றமாக.

"தம்பி? கூப்பிட்டியா?"

இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கமிருந்து ஒருமுறைகூட யாரும் தட்டியதில்லை. அதனால்தான் அந்தக் குரலில் அவ்வளவு ஆவல். ஆய்வாளர் "இல்லைண்ணா" என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதிலுக்காக அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நாற்காலி பழைய இடத்துக்கே போனது.

குடையம்மா மெதுவாகத்தான் கேட்டார். "இது என்ன சார்?"

அங்கேதான் நம் ஆள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் இடிக்கச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். இவரோ, இது முறைப்படி பிரிக்கப்படும் இரண்டு வீடுகள், மனு தயாராகிக்கொண்டிருக்கிறது, அண்ணன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று அளந்துவிட்டார்.

"அப்படியா? நல்லது" என்றார் குடையம்மா. "ஒண்ணு சுவரை எடுத்துடுங்க, இல்லை முறைப்படி அனுமதி வாங்கி வரன்முறைப்படுத்திடுங்க. ரெண்டுல எது வேணும்னாலும் எனக்குச் சரி. மனு வந்தா உங்க நகராட்சி துணை விதிப்படி இருக்கணும், அவ்வளவுதான்."

அவர் போன பிறகு ஆய்வாளர் பீரோமீது சாய்ந்து நின்றார். உங்கள் நகராட்சி துணை விதி என்று அந்த அம்மாள் சொன்னாரே, அந்த விதியை எழுதியது யார் தெரியுமா? சாட்சாத் இவரேதான். முன்பு சிலர் வீட்டுக்குள் அட்டைத் தடுப்பு வைத்து, இது இரண்டு வீடு என்று காட்டி இரண்டு குடிநீர் இணைப்பு வாங்கிக்கொண்டு, அப்புறம் தடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் இவர் உட்கார்ந்து ஒரு விதி எழுதினார். ஒரு வீட்டை இரண்டாக்கும் சுவர் ஒன்பது அங்குலம் இருக்கவேண்டும். தனி அஸ்திவாரம் வேண்டும். அடியிலிருந்து மொட்டை மாடிக் கைப்பிடி உயரம் வரை இடைவெளியே இருக்கக்கூடாது. தண்ணீர், மின்சாரம் எல்லாம் தனித்தனி. ஒருமுறை பிரித்துவிட்டால் பதினைந்து வருஷத்துக்கு மறுபடி சேர்க்கக்கூடாது. மன்றம் கையைத் தட்டி நிறைவேற்றியது. அன்றிலிருந்து ஆபீஸில் அவருக்குப் பேர் ஒன்பதங்குலம்.

ஒன்பதங்குலம் மறுநாள் மனுவோடு அண்ணன் வீட்டுக்குப் போனார். போவதென்றால் வாசல் வழியே இறங்கி, நாலு எட்டு நடந்து, அடுத்த வாசலில் ஏறவேண்டும். அந்த நாலு எட்டுக்கு இத்தனை வருஷம் ஆனது.

அண்ணன் மெஷினிலிருந்து எழுந்த வேகத்தில் கண்ணாடி கீழே விழுந்தது. "வா வா, உட்காரு" என்றார். உள்ளே திரும்பி, தம்பி வந்திருக்கான், காப்பி போடு, சர்க்கரை கொஞ்சம் தூக்கலா என்றார். தம்பிக்கு இப்போது சர்க்கரையே ஆகாது என்பது அவருக்குத் தெரியாது. ஆய்வாளர் உட்காராமல், மனுவை நீட்டி, துணை விதி, வரன்முறை, உட்பிரிவு என்று ஆபீஸ் பாஷையில் பேசினார். வேறு பாஷை அவருக்கு அந்த நேரத்தில் வரவில்லை.

அண்ணன் முழுவதும் கேட்டார். கீழே கிடந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"இடிச்சுட்டா என்ன தம்பி?"

எத்தனை சின்னக் கேள்வி. சரிண்ணா என்று ஒரு வார்த்தை போதும். ஆய்வாளரின் வாயில் அந்த வார்த்தை பாதி வந்தும்விட்டது. அந்த நேரம் பார்த்தா கண் மாடிப்படிக்கு அடியில் போகவேண்டும்?

படிக்கு அடியில் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவர் வாங்கிக் கொடுத்த அதே மூட்டைகள். பிரிக்கவே இல்லை. வருஷக்கணக்கில் ஈரம் இறங்கி, இறுகி, மூட்டை வடிவத்திலேயே கல்லாகிக் கிடந்தன. மேலே ஒரு பழைய தலையணை போட்டிருந்தது. அண்ணன் செருப்பு மாட்டும்போது உட்காருவாராம்.

"இது என் சிமெண்ட்டுதானே?" என்றார் ஆய்வாளர்.

அண்ணன் மூட்டையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். தம்பியின் முகத்தில் பழைய நோட்டீஸ் முகம் வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். காப்பி வருவதற்குள் ஆய்வாளர் படி இறங்கிவிட்டார்.

"எடுத்ததுகூடப் பரவாயில்லை. உபயோகிச்சுத் தொலைச்சிருக்கலாம். என் சிமெண்ட்டு மேல உட்கார்ந்து செருப்பு மாட்டறார்" என்று வீட்டில் வந்து குதித்தார். மனைவி துணிக்கூடையை எடுத்தாள். அன்றைக்குத்தான் மாடியிலும் சுவர் வரப்போகிறது என்று அவளுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"சண்டை போட்டது நீங்க. நாங்க எப்போ போட்டோம்?"

"விதி அப்படி."

"அந்த விதியை எழுதினவன் நாசமாப் போக" என்று சொல்லிவிட்டு, யார் எழுதியது என்பது ஞாபகம் வந்தும் அவள் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மனு நாலே நாளில் பாஸாகிவிட்டது. இவர் பிரிவில் இவர் மனு எத்தனை நாள் நிற்கும்? நகராட்சி அங்கீகரித்த ஒப்பந்தக்காரர் ஆட்களோடு வந்தார். பழைய நாலரை அங்குலச் சுவரை எடுத்துவிட்டு, அஸ்திவாரம் தோண்டி, புதுச் சுவர் எழுப்பவேண்டும். இடிக்க ஒரு நாள் ஆகும் என்று சொல்லி, கடப்பாரை சம்மட்டியெல்லாம் இறக்கினார்கள்.

எதுவும் தேவைப்படவில்லை. ஒரு ஆள் பீரோவை நகர்த்திவிட்டுக் களைத்துப் போய் சுவரில் தோளைச் சாய்த்தான். சுவர் அவனைவிடக் களைத்துப் போயிருந்தது போலும், புஸ்ஸென்று அந்தப் பக்கம் சரிந்தது. மிச்சத்தைக் கையாலேயே தள்ளினார்கள். ஒப்பந்தக்காரர் ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். "சார், இது சேறு. மேலே மட்டும் மெல்லிசா சிமெண்ட் பூசியிருக்கு. கட்டினவன் ஒண்ணு கத்துக்குட்டி, இல்லை பலே திருடன்" என்றார்.

"ரெண்டுமே இல்லை. கட்டச் சொன்னவரைக் கேளுங்க" என்றார் ஆய்வாளர், அண்ணன் காதில் விழும்படி.

இதற்குள் சத்தம் கேட்டு வாசலில் ஒரு வயதானவர் வந்து நின்றார். அந்தச் சுவரைக் கட்டிய பழைய கொத்தனார். இப்போது வேலைக்குப் போவதில்லை, அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் நடப்பார். விழுந்து கிடந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அப்பாடா, கடைசியில எடுத்துட்டீங்களா ஐயா?" என்று உள்ளே ஒரு அடி வைத்தார். திருட்டுச் சுவரைக் கட்டிவிட்டுச் சிரிக்கவும் சிரிக்கிறானே என்று ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் வேலையைத்தான் பார்த்தாச்சே, போய்விட்டு வா என்றார். கொத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்து, பக்கத்தில் அடுக்கியிருந்த புதுச் செங்கல்லைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அஸ்திவாரம் தோண்டும் ஆட்கள் சாப்பிடப் போனார்கள். கூடம் திடீரென்று ரொம்பப் பெரியதாக இருந்தது. ஜன்னல் முழு ஜன்னலாகிவிட்டது. அண்ணன் அந்தப் பக்கம் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. தம்பி சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார். தட்டு எதுவும் கேட்கவில்லை, இருந்தாலும் கை தானாகப் போய் சுவிட்சைப் போட்டது. ஃபேன் சுற்றியது. இந்த முறை அதன் காற்று இரண்டு பேர்மீதும் பட்டது.

அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வந்தார். சின்ன வயதில் தான் உட்காரும் இடத்தில், கூடத்தின் சரி நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"காத்து நல்லா வருதுடா" என்றார்.

மனைவியும் அண்ணியும் சமையலறை வாசலில் மூச்சு விடாமல் நின்றார்கள். ஆய்வாளருக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொன்னால், விட்டுவிடலாம் என்றுதான் அவருக்கும் இருந்தது. ஆனால் அனுமதி வாங்கியாகிவிட்டது. குடையம்மா திங்கட்கிழமை ஒன்பது அங்குலத்தை அளக்க வருகிறார். வாங்கிய அனுமதிப்படி கட்டவில்லை என்றால் மறுபடி ஒரு விளக்கம், மறுபடி ஒரு மனு. ஒரு வருஷம்தான் பாக்கி. இப்படியெல்லாம் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒப்பந்தக்காரர் நூல்கண்டோடு உள்ளே வந்து, நாற்காலியைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணா" என்றார் ஆய்வாளர். "நூல் பிடிக்கணும்."

அண்ணன் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

ஒன்பது அங்குலச் சுவர் எழும்பியது. இது அசல் சுவர். தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தால் நூலிழை சாயவில்லை. மாடியிலும் ஏறியது. துணிக்கூடைகள் இரண்டும் தனித்தனியாகக் காய்ந்தன. எலக்ட்ரீஷியன் வந்து அண்ணன் ஃபேனுக்கு அண்ணன் பக்கமே சுவிட்ச் வைத்துக் கொடுத்தான். தம்பி பக்கத்தில் பழைய சுவிட்ச் மட்டும் இருந்தது, எடுக்க மறந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை குடையம்மா வந்து காம்பால் தட்டினார். ணங்கென்று கெட்டியாகச் சத்தம் வந்தது. அந்தப் பக்கம் யாரும் கூப்பிட்டியா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இங்கே கேட்டிருக்காது.

"உங்க பிரிவில் பதினோரு பேர் வீட்டில் இப்படிச் சுவர் இருந்தது, சார்" என்றார் குடையம்மா. "பத்துப் பேர் இடிச்சுட்டு ஒரு டீ கொடுத்து அனுப்பினாங்க. விதிப்படி கட்டினது நீங்க ஒருத்தர்தான்."

பாராட்டுகிறாரா பரிதாபப்படுகிறாரா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. ஆய்வாளர் நன்றி சொன்னார். வேலை தப்பியது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு புதுத் தொல்லை. காப்பியில் காரை விழவில்லை. காலையில் டம்ளரைக் கையால் மூடிக்கொள்வார், காத்திருப்பார், எதுவும் விழாது. மத்தியானம் வெயில் ஏறும்போது காதைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். ஒன்பது அங்குலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் தட்டுகிறானா, இருமுகிறானா, எதுவும் தெரியாது. ஒருநாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தச் செத்த சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். மனைவி பார்த்துவிட்டாள். "என்னங்க, அந்தப் பக்கம் புழுங்குதா?" என்று கேட்டாள்.

அண்ணனின் பாகத்துக்குத் தனிக் கதவு எண் வந்தது. அது வந்ததும் வேறு ஊரிலிருந்த அண்ணன் மகள் வந்தாள். அவள் வருஷா வருஷம் அப்பாவையும் அம்மாவையும் தன்னோடு வரச் சொல்லிக் கூப்பிடுகிறவள். வீடு இன்னும் பிரியலைம்மா, தம்பியைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது என்று அண்ணன் வருஷா வருஷம் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தாராம். இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது. சட்டப்படி தனி வீடு. வாடகைக்கு விடலாம், பூட்டிக்கொண்டும் போகலாம்.

வண்டி வாசலில் நின்றது. அண்ணியும் மனைவியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தையல் மெஷினை ஏற்றினார்கள். அண்ணன் கடைசியாக வந்தார். கையில் ஃபேன். இறக்கைகளைக் கழற்றி, துடைத்து, துணி டேப்பால் சுற்றிக் கட்டியிருந்தார்.

"இதை நீயே வச்சுக்கடா. சுவிட்ச் உன்கிட்டதானே இருக்கு."

ஆய்வாளர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போகாதீங்கண்ணா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பூட்டின வீட்டுக்குச் சொத்துவரியில் சலுகை உண்டு, மனுப் போடுங்க என்றுதான் வந்தது. அண்ணன் சிரித்துவிட்டு, அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு தட்டும் தட்டினார். வண்டியில் ஏறினார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை ஆய்வாளர் ஃபேனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது பழைய கொத்தனார் ஒரு தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தார். படிக்கு அடியில் இருக்கும் சிமெண்ட் மூட்டைகளை எடுத்துப் போகும்படி அண்ணன் சொல்லிவிட்டுப் போனாராம். குடி வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்குமாம்.

கல்லாகிப் போன மூட்டையைக் கொத்தனார் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தார். ஆய்வாளரும் ஃபேனைக் கீழே வைத்துவிட்டு ஒரு கை கொடுத்தார். கனமான கனம். யார்மீதாவது கோபப்பட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும்போல் இருந்தது.

"நல்ல சிமெண்ட், நான் வாங்கினது" என்றார். "இதை ஒளிச்சு வச்சுட்டு உன்னைச் சேத்துல கட்டச் சொன்னார் பாரு. உனக்கும் அன்னைக்குக் கூலியில கை வச்சிருப்பாரே?"

கொத்தனார் மூட்டையை வண்டியில் இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இல்லைங்க ஐயா, ரெண்டு மடங்கு கொடுத்தார். சிமெண்ட் இருக்கும்போது எதுக்குங்க சேறுன்னு நானும் கேட்டேன். 'இது பின்னால பிரிக்கறதுக்குன்னே போடற ஓட்டுத்தையல் மாதிரிதான், கையால தள்ளினா விழணும். என் தம்பி கோபம் ரொம்ப நாள் தாங்காது. அது போற அன்னைக்கு இடிக்க ஆள் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது'ன்னார்."